அடுத்த பஸ்ஸுக்கு நின்றவர்

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், தன்னைப் பற்றி யாரோ எழுதிவிட்டார்கள், இனிமேல் தனக்கு நல்ல காலம் பிறக்கப்போகிறது என்று நம்பிவிடுவார். ரங்கூனில் எங்கள் பசுந்தாங் பேட்டை மாதா கோயில் கூடைப்பந்து அணிக்கு அவர்தான் செகரட்டரி. ஊரெல்லாம் அவரைச் செகரட்டரி என்றே கூப்பிட்டது. அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் அந்தக் குரலில் மரியாதை இருக்காது.

காலையில் பஸ் நிறுத்தத்தில் அவரை ஒரு முறை பார்த்தால் போதும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, கக்கத்தில் சாப்பாட்டுப் பை. டவுனுக்குப் போகும் லைன் பஸ் வந்து நிற்கும். உள்ளே உட்கார இடமும் இருக்கும். நாங்கள் ஏறுவோம். அவர் மட்டும் மோவாயைத் தூக்கித் தெருக்கோடியைப் பார்ப்பார்.

“நீங்க போங்கப்பா. பின்னாடி ஒண்ணு காலியா வருது.”

பின்னாடி வருவதில் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் தொங்குவார்கள். அதையும் விடுவார். கடைசியில் வெயிலில் நடந்தே கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்து, ரங்கூனில் பஸ் வசதி சரியில்லை என்று மேனேஜரிடம் முறையிடுவார். முதல் பஸ்ஸிலேயே ஏறியிருக்கலாமே என்று ஒரு நாளாவது அவருக்குத் தோன்றியிருக்குமா என்றால், சத்தியமாகத் தோன்றியிருக்காது.

டீக்கடையிலும் இதே கதைதான். தட்டில் சமோசா இருக்கும். இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார். “ஆறிப்போச்சு. அடுத்த ஈடு வரட்டும்.” நாங்கள் ஆறிப்போனதைத் தின்று டீயையும் குடித்து முடித்திருப்போம். கடைக்காரர் மாவு தீர்ந்துவிட்டது என்று சட்டியை இறக்குவார். செகரட்டரி வெறும் டீயைக் குடித்துவிட்டு, “நாளைக்கு நேரத்தோட வரணும்” என்பார்.

இதெல்லாம் அவருடைய வயிறு, அவருடைய கால். எப்படியோ போகட்டும். வீட்டையும் அவர் இப்படித்தான் தொலைத்தார். கால்வாய்ப் பக்கத்துத் தெருவில் அவர்களுக்குத் தரைத்தளத்தில் பழைய வீடு ஒன்று இருந்தது. அவர் மனைவி எங்களுக்கெல்லாம் ஆன்ட்டி. முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துத் தெருவுக்கே வேண்டியவராக இருந்தார். தொண்ணூறுகளில் ரங்கூன் முழுக்கப் பழைய கட்டடங்களை இடித்துப் புது மாடிகள் கட்டினார்கள். ஒரு கண்ட்ராக்டர் வந்து, தரைத்தளத்தைக் கொடுத்தால் ஆறாவது மாடியில் புது வீடு, கட்டடத்துக்கு லிஃப்ட் வரப்போகிறது என்றார். ‘வரப்போகிறது’ என்ற சொல் காதில் விழுந்தால் செகரட்டரிக்கு மற்ற எதுவும் விழாது.

லிஃப்ட் வரவில்லை. அதற்காக விட்ட குழி மட்டும் ஆறு மாடிக்கும் நீளமாக இருந்தது. எல்லா மாடி வீட்டுக்காரர்களையும் போல ஆன்ட்டியும் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கவிட்டு, மேலே மணியும் கீழே கவ்வியும் கட்டினார். தைக்கிற துணி அதில் ஏறியது, தைத்த சட்டை அதில் இறங்கியது. முழங்கால் வலியால் அவர் மட்டும் இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட மாதத்தில் ஒன்றுக்குத்தான் வந்தார். செகரட்டரியோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் குழியைக் காட்டி, “இதுலதான் வரப்போகுது” என்பார். வீடு காட்டுகிறவன் வீட்டைக் காட்டாமல் குழியைக் காட்டினதை நான் அங்கேதான் பார்த்தேன்.

அப்பேர்ப்பட்டவர் கையில் எங்கள் அணி இருந்தது.

கோயில் முற்றம்தான் எங்கள் மைதானம். கூடை வளையத்தை நான் வேலை செய்த லேத் பட்டறையிலேயே வளைத்துக் கொண்டுவந்து மாட்டினேன். தேக்குப் பலகையில் கோடு போட்டது நாங்களே. முற்றத்தில் பாவின கல்லில் ஒரு மூலை தாழ்ந்திருக்கும். அங்கே பந்தைத் தட்டினால் எழும்பாது. வெளியூர் ஆட்டக்காரன் எவனும் அந்த மூலையில் ஒரு தடவையாவது தடுமாறுவான். எங்கள் பையன்கள் மூன்று பேர் தடுமாறமாட்டார்கள். அந்தோணி, செல்வம், மியோ. பல் விழுந்து முளைக்கிற வயதிலிருந்து அந்தக் கல்லில் ஆடினவர்கள். அந்தோணி தலையைத் திருப்பாமலே பந்தை வீசுவான், அங்கே செல்வம் இருப்பான். செல்வம் மாட்டிக்கொண்டால் மியோ எங்கிருந்தோ முளைப்பான். மியோவுக்கு அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. வீட்டில் பர்மியம்தான், மைதானத்தில் மட்டும் தமிழில் திட்டுவான். மூன்று பேருக்கும் இருபதுகூட ஆகவில்லை. நான் அணியின் கேப்டன், கழுதை வயசாகிவிட்டது, ஓடினால் மூச்சு வாங்கும். அவர்கள் ஆடுகிற ஆட்டத்தில் நானும் ஓர் ஓரத்தில் இருக்கிறேன் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. அவர்கள்தான் அணி. அவர்கள் போனால் முற்றம்தான் மிஞ்சும்.

அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் லீக்கில் இரண்டாவதாக வந்தோம். கால்வாய்க்கு அக்கரையில் இருந்த தாகேதா அரிசி மில் அணி மூன்றாவது. அந்த அணியை நடத்தின மில் முதலாளி கெட்டிக்கார பர்மாக்காரர், வெற்றிலையை மென்றுகொண்டே ஆளை எடைபோடுவார். எங்கள் முற்றத்தில் அவர்கள் வந்து ஆடித் தோற்ற அன்று, மில் ஆட்களோடு ஒரு நெட்டைப் பையன் சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தான். பத்தொன்பது வயது, ஆறடிக்கு மேல் நாலு விரற்கடை. டெல்டாப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்க்காரன், அப்பா இல்லை, அம்மாவோடு தாகேதாவில் சித்தி வீட்டுக்கு வந்திருந்தான். மில்காரர் அவனை அணியில் சேர்த்திருந்தாலும் இன்னும் இறக்கவில்லை. நாங்கள் எல்லாரும் பந்தைப் பார்த்தோம். செகரட்டரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கமிட்டி கூடியது. எங்கள் லீக்கில் ஓர் ஆட்டக்காரன் அணி மாற வேண்டுமானால் இரண்டு அணிச் செகரட்டரிகளும் கையெழுத்திட்டால் போதும், ஆட்டக்காரனை யாரும் கேட்பதில்லை. மில்காரர் மூன்று பையன்களையும் கேட்கிறார், பதிலுக்கு நெட்டைப் பையனைத் தருகிறார் என்று செகரட்டரி அறிவித்தார். முகத்தில் அப்படி ஓர் ஒளி, உபதேசியாருக்கே காட்சி கிடைத்தாற்போல.

“மூணு பேரும் வளர்ந்து முடிஞ்சுட்டானுங்க. இனிமே ஒரு அங்குலம் ஏறமாட்டானுங்க. அவன் இன்னும் வளர்றான். ரெண்டு வருஷம் போகட்டும், ரங்கூன்லயே அவனைத் தடுக்க ஆள் இருக்காது.”

“ரெண்டு வருஷம் நாம யாரை வச்சு ஆடறது?” என்று கேட்டேன்.

“இருக்கறதையே பார்க்காதே. வரப்போறதைப் பாரு.”

நான் விடவில்லை. நெட்டைப் பையனுக்குப் பந்து கொண்டுபோய்க் கொடுக்கவே இந்த மூன்று பேர் வேண்டுமே, இவர்களையும் கொடுத்துவிட்டு அவனை வாங்கினால் அவனுக்கு யார் பந்து போடுவது என்று கேட்டேன். மில்காரர் அத்தனை நல்ல ஆளை ஏன் விட்டுக்கொடுக்கிறார் என்றும் கேட்டேன். அவருக்கு இந்த வருஷமே கோப்பை வேண்டும், தொலைநோக்கு இல்லாதவர் என்று பதில் வந்தது. கோப்பை வேண்டும் என்று நினைப்பது ஒரு குறையாக அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். கோயில் சாமியாருக்குக் காது மந்தம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கமிட்டியில் மற்ற இரண்டு பேரும் நெட்டைப் பையனின் உயரத்தைக் கையால் காற்றில் அளந்துகொண்டிருந்தார்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளுக்காவது அரசன் என்று ஒருவன் இருந்தான். இங்கே வெறும் உயரம்தான் இருந்தது.

மறுநாள் டீக்கடையில் பையன்களிடம் நான்தான் சொன்னேன். செகரட்டரிக்கு அன்று ஆபீசில் அவசர வேலை வந்துவிட்டது. செல்வம் சிரித்தான். மியோ கிளாசை உருட்டிக்கொண்டே இருந்தான். போகமாட்டோம் என்று நில்லுங்கள், நான் கூட நிற்கிறேன் என்றேன்.

அந்தோணி சொன்னான்: “எங்களைக் கொடுத்துட்டாருண்ணே. கொடுத்த பொறகு இங்க நின்னா, அது எங்க எடம் மாதிரியா இருக்கும்?”

அப்போது வந்த கோபம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வாரக் கடைசியில் மூன்று பேரும் ஷூவைத் தோளில் மாட்டிக்கொண்டு பாலத்தில் நடந்து தாகேதாவுக்குப் போனார்கள். மில்லில் ஆளுக்கொரு வேலையும் கொடுத்தார்கள்.

நெட்டைப் பையன் வந்தான். முதல் நாள் பயிற்சிக்குச் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, முற்றத்தில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் கோயில் பாட்டுக்குழுவில் இருந்து பிடித்து வந்த நாலு பேரும் இருந்தோம். “இன்னும் யாரும் வரலையா?” என்று பர்மியத்தில் என்னைக் கேட்டான். இவ்வளவுதான் என்றேன். சரி என்று சொல்லிப் பந்தை எடுத்தான்.

அவனைக் குறை சொல்லமாட்டேன். நல்ல கை, அடக்கமான பையன். ஆனால் பாட்டுக்குழுக்காரர்கள் வீசும் பந்து அவன் முழங்காலுக்கு வரும். பாஸ் என்று நினைத்து அவர்கள் வீசினது பலமுறை சாமியார் வீட்டு ஜன்னலுக்குப் போனது. தாழ்ந்த மூலையில் அவன் மூன்று முறை விழுந்தான். செகரட்டரி நாற்காலி போட்டு உட்கார்ந்து, “நிக்கறதைப் பாரு, நிக்கறதைப் பாரு” என்று பூரித்துக்கொண்டிருந்தார். நிற்பதற்கு ஆள் வேண்டுமென்றால் கொடிமரம் ஏற்கெனவே இருந்தது.

கோடை முடிவதற்குள் மில் அணியோடு ஒரு நட்பு ஆட்டம் வைத்தோம். பையன்கள் மூன்று பேரும் வேறு நிறச் சட்டையில் எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். என்ன ஆனது என்று சொல்லவே வேண்டாம். நடுவில் ஒரு தடவை அந்தோணி திரும்பாமல் வீச, செல்வம் பிடித்து, மியோ போட்டான். மூன்று பேருக்கும் நடுவில் நின்ற நெட்டைப் பையன் கையைத் தூக்காமல் சிரித்த முகமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோற்கிறவன் முகமாக அது இல்லை. செகரட்டரி அதைக் கவனிக்கவில்லை. ஸ்கோரையும் கவனிக்கவில்லை. “ஒரு வருஷம் போகட்டும்” என்றார்.

மழைக்கு முன்னால் பையனின் அம்மா செகரட்டரியைப் பார்க்க வந்தார். மகனுக்கு இருபது வயது ஆகிறது, செத்துப்போன அப்பாவுக்காக ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது, மழைக்கால நோன்புக்கு அவனைத் துறவியாக்க வேண்டும், அணியில் தடை இருக்குமா என்று கேட்டார். செகரட்டரி பெருந்தன்மையாக, தாராளமாகச் செய்யுங்கள் என்றார். பர்மாக்காரப் பிள்ளைகள் பள்ளிக்கூட லீவில் மொட்டை அடித்துக் காவி கட்டி, ஒரு வாரத்தில் திரும்பி வந்து கால்பந்தைத் தேடுவதை நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம். அதைத்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டார். நோன்பு மூன்று மாதம் என்று தெரிந்ததும் இன்னும் மகிழ்ச்சி. மழையில் ஆட்டம் கிடையாது, பர்மாக்காரர்களின் தீபத் திருநாளோடு நோன்பு முடியும், குளிர்காலத்தில் லீக், அதற்குள் முடியும் முளைத்துவிடும். கணக்கு அத்தனை பொருத்தமாக இருந்தது.

மியோதான் டீக்கடையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். “அண்ணே, சின்னப் பசங்க போறது வேற. இருபது வயசுல போறது வேற. அது முழு போங்கி, நிஜத் துறவி. திரும்பி வரலாம், வரணும்னு யாரும் கேக்க முடியாது. எங்க மாமா ஒருத்தரு மூணு மாசம்னுதான் போனாரு.” மாமா எப்போது வந்தார் என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றான்.

இதைச் செகரட்டரியிடம் சொன்னேன். கொடுத்துவிட்ட ஆளின் பேச்சு அவருக்கு எப்படிக் காதில் ஏறும்? துறவு கொடுக்கிற நாளில் மடத்துக்கு இவரே முன்னால் போனார். அவர்கள் வழக்கப்படி ஊர்வலத்தில் பையனின் தலைக்கு மேல் குடை பிடித்தார். அந்த உயரத்துக்குப் பிடிக்கக் குதிகாலைத் தூக்கி நடக்க வேண்டியிருந்தது. தன் கையாலேயே அவனை மடத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு, மடத்தில் நல்ல சாப்பாடு, இன்னும் இரண்டு அங்குலம் வளர்வான் என்று வந்து சொன்னார். துறவிகளுக்கு மதியத்துக்கு மேல் சாப்பாடு கிடையாது என்பதைக்கூட இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் தெரிந்துகொள்ளாத மனிதர்.

தீபத் திருநாள் வந்தது. தெருவெல்லாம் மெழுகுவர்த்தி. அடுத்த வாரம் பையன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. லீக்குக்குப் பேர் கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் செகரட்டரி என்னையும் இழுத்துக்கொண்டு மடத்துக்குப் போனார்.

வாசலில் செருப்பைக் கழற்றினோம். பையன் சற்று உயரமான பலகையில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் தரையில். உயரத்துக்காக அவனை வாங்கின மனிதர், அவன் உட்கார்ந்திருக்கும்போதே அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. மொட்டைத் தலையில் அவன் இன்னும் சின்னவனாகத் தெரிந்தான். அவன் அம்மாவே ஓரத்தில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார், செகரட்டரி மட்டும் பழைய பழக்கத்தில் “தம்பி” என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் முகம் சுருங்கியது. பிறகு செகரட்டரி திருத்திக்கொண்டு, லீக் வருகிறது, அணி காத்திருக்கிறது, கடவுளுக்குச் செய்ததும் ஆயிற்று என்று நீளமாகப் பேசினார்.

பையன் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு, “அந்த மூன்று பேரும் சௌக்கியமா?” என்றான்.

செகரட்டரி எந்த மூன்று பேர் என்று என்னைப் பார்த்தார். சத்தியமாக அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பையன் என்னிடம் திரும்பிப் பர்மியத்தில் மெதுவாகச் சொன்னான். “சுவர் மேல் உட்கார்ந்து அவர்கள் ஆடினதைப் பார்த்தேன். அவர்களோடு ஒரு முறை ஆட வேண்டும் என்றுதான் பசுந்தாங்குக்கு ஆசையாக வந்தேன். எனக்குப் பதிலாக அவர்களைத்தான் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே வந்த பிறகு மனசு அமைதியாக இருக்கிறது. நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்.”

மூன்று பேரும் நன்றாக இருக்கிறார்கள், இன்று சாயங்காலம் தாகேதாவில் அவர்களுக்கு ஆட்டம் என்று மட்டும் சொன்னேன். அவன் தலையசைத்தான். நான் குனிந்து மூன்று முறை வணங்கினேன். மாதா கோயில்காரன் வணங்கலாமா என்று அப்போது யோசிக்கவில்லை.

வெளியே வந்து செருப்பை மாட்டினோம். இனி அந்த வருஷம் அணி கிடையாது. முற்றத்தில் கூடை மட்டும் இருந்தது, அதையும் அடுத்த வருஷம் சாமியார் கார் நிறுத்தக் கழற்றச் சொல்லிவிட்டார். இவர் என்ன சொல்லப்போகிறார், ஒரு வார்த்தையாவது வருத்தமாகச் சொல்வாரா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். பஸ் நிறுத்தம் வந்தது. அங்கே நின்றதும் அவர் முகத்தில் மறுபடியும் அந்த ஒளி வந்தது.

“அவன் பேசற தோரணையைக் கவனிச்சியா? பத்து வருஷத்துல பாரு, பெரிய மடாதிபதியா வரப்போறான். குடை பிடிச்சது யாரு? நாமதானே.”

தாகேதா போகிற பஸ் வந்து நின்றது. உள்ளே இரண்டு இடம் காலியாக இருந்தது. நான் படியில் கால் வைத்தேன். அவர் என் தோளைத் தொட்டு, அவசரப்படாதே, பின்னாடி ஒன்று வருகிறது, அதில் நன்றாக உட்கார்ந்து போகலாம் என்றார்.

நான் ஏறிக்கொண்டேன். பஸ் பாலத்தில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். மோவாயைத் தூக்கித் தெருக்கோடியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்த பக்கம் தெரு வெறிச்சென்று கிடந்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே நான் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.